ஓடும் எந்திரத்தைத் தொடாதே

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் 22ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் அருகில் யார் வேலை செய்யலாம் என்று சொன்ன பிரிவு அது. எந்திரம் ஓடும்போதே அதைச் சோதித்துப் பார்க்கவோ எண்ணெய் விடவோ நேர்ந்தால், தனிப் பயிற்சி பெற்ற, வயதுவந்த ஆண் தொழிலாளிதான் அதைச் செய்யவேண்டும் என்றது முதல் உட்பிரிவு. அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்கவேண்டும். அந்த உடையை முதலாளி கொடுக்கவேண்டும். இரண்டாம் உட்பிரிவு நம்மைப் பற்றியது. பெண்களும் 18 வயது நிரம்பாதவர்களும், விசை தரும் எந்திரம் ஓடும்போது அதன் எந்தப் பாகத்தையும் துடைக்கவோ எண்ணெய் விடவோ சரிசெய்யவோ கூடாது என்றது அது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆபத்து ஒன்றுதான்: சுழலும் பெல்ட், அதில் சிக்கும் துணி. அந்த ஆபத்திலிருந்து ஆணைக் காப்பாற்றப் பயிற்சி கொடுத்தார்கள், உடை கொடுத்தார்கள், செலவை முதலாளி தலையில் வைத்தார்கள். பெண்ணைக் காப்பாற்ற வெளியே போகச் சொன்னார்கள். கூடவே, எவ்வளவு வயதானாலும் அவளைச் சிறுவர்களோடு ஒரே வரியில் நிறுத்தினார்கள்.

நம் ஊர்க் கார்ப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வராத அளவுக்குச் சிறியவை. இரண்டு பேர், மூன்று பேர், ஒரு தகரக் கொட்டகை. அங்கே இந்தப் பிரிவை யாரும் படித்திருக்க மாட்டார்கள். படிக்காமலே ஒரு வரி பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். 2020இல் நாடாளுமன்றம் இந்தச் சட்டத்தை வேறு பலவற்றோடு சேர்த்துப் புதிய தொகுப்பு ஒன்றை நிறைவேற்றியது. ஏடு மாறிவிட்டது. பட்டறை வாசல் மாறவில்லை.

இந்தப் பிரிவை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு கார் இன்ஜினின் ஐடிலிங். காலை ஆக்சிலேட்டரில் இருந்து எடுத்த பிறகும் இன்ஜின் நின்றுவிடாமல் தன்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும் அல்லவா, அதுதான் ஐடிலிங். சூடான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 900 சுற்று வரை ஓடும். நான்கு சிலிண்டர் வண்டியில் 800 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1600 முறை உள்ளே பெட்ரோல் வெடிக்கிறது. இது 500க்கு இறங்கினால் வண்டி நடுங்கும், ஹெட்லைட் மங்கும், ஆயில் விளக்கு மினுக்கும், நிறுத்தும் இடத்தில் எல்லாம் ஆஃப் ஆகும். இதில் முக்கியமான விஷயம், ஐடிலிங் கோளாறை இன்ஜின் நிற்கும்போது கண்டுபிடிக்கவே முடியாது. அது ஓடவேண்டும், நாம் அருகில் நின்று கேட்கவேண்டும், பார்க்கவேண்டும், தொடவேண்டும். அந்தச் சட்டப் பிரிவு எதை நமக்கு மறுத்ததோ அதுவேதான் இந்த வேலை.

நான் கண்டனூரில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய பழைய பெட்ரோல் கார். ஐடிலிங் இறங்கியதும் காரைக்குடியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். முதல் கேள்வி, "சார் வரலையாக்கா?"

"வண்டி என்னுது தம்பி. சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது. ஏசி போட்டா இன்னும் மோசம்."

"கிளட்சைப் பட்டுன்னு விட்டிருப்பீங்க. லேடீஸ் ஓட்டுற வண்டில இது சகஜந்தானேக்கா."

"நியூட்ரல்ல நிக்கும்போது ஆஃப் ஆகுது. கிளட்ச்சுல எங் காலே இல்ல."

அவர் சிரித்தார். பானெட்டைத் திறந்தார். திறந்தவர் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரு ஸ்க்ரூவைத் திருகினார், இன்ஜின் சத்தம் ஏறியது, 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். என்ன கோளாறு என்று கேட்டேன். "சாரை போன் போடச் சொல்லுங்க, சொல்றேன்" என்றார். மூன்று வாரத்தில் பெட்ரோல் அதிகம் குடித்தது, நடுக்கம் திரும்பி வந்தது.

அந்தத் தம்பியின் நடத்தையைப் பற்றிப் புலம்ப இதைச் சொல்லவில்லை. அவர் செய்ததில் இரண்டு காரியங்கள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது, கோளாறை வண்டியில் தேடுவதற்கு முன் ஓட்டுபவளிடம் தேடினார். வண்டி நியூட்ரலில் நின்றது என்ற ஒரு தகவலே கிளட்சை விடுவித்துவிடுகிறது. ஆனால் அந்தத் தகவல் பெண் வாயிலிருந்து வந்ததால் தகவலாகவே கணக்கில் ஏறவில்லை. இரண்டாவது, நோயைக் கண்டுபிடிக்காமல் அறிகுறியை மூடினார். மூச்சு அடைத்துக் கிடக்கும் இன்ஜினின் ஸ்க்ரூவைத் திருகி வேகத்தை ஏற்றிவிட்டால் அது ஓடுவதுபோல் காட்டும். அடைப்பு அப்படியே இருக்கும். கேள்வி கேட்கத் தெரிந்தவர் எதிரில் நின்றால் இப்படி அனுப்ப முடியாது. கேள்வி கேட்கத் தெரியாமல் நம்மை வளர்த்திருப்பதால்தான் அனுப்ப முடிகிறது. நம்முடைய அறியாமையில் ஒருவருக்கு 600 ரூபாய் லாபம் இருக்கிறது.

ஆகவே கேள்விகளைச் சொல்கிறேன். இவற்றில் ரகசியம் எதுவும் இல்லை.

எப்போது இறங்குகிறது? காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஏசி போட்டால் மட்டுமா, போடாமலுமா? ஓடி வந்து நிற்கும்போதா, நின்றுகொண்டிருக்கும்போதா? பேட்டரி மாற்றிய பிறகா? பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளின் கம்ப்யூட்டர் தன் ஐடிலிங் கணக்கை மறந்துபோகும். இந்த நான்கு கேள்விக்கும் பதில் வைத்திருப்பவர் மெக்கானிக் இல்லை, தினமும் ஓட்டுபவர்தான். அதாவது பாதி நோயறிதல் நம்மிடமே இருக்கிறது.

அடுத்து கண். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். எங்கள் பக்கத்துச் செம்மண் அதை எவ்வளவு சீக்கிரம் அடைக்கும் என்று துணி துவைக்கிற யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. பிறகு ரப்பர் குழாய்கள். எலி கடித்திருக்கலாம், வெயிலில் வெடித்திருக்கலாம். இன்ஜின் ஓடும்போது காது கொடுத்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்கும்.

பிறகு த்ராட்டில் பாடி. ஆக்சிலேட்டரை விட்டதும் இதன் தகடு மூடிக்கொள்கிறது. ஐடிலிங்குக்கு வேண்டிய காற்று தகட்டின் ஓரத்து மெல்லிய இடைவெளி வழியாகவோ, பக்கத்தில் ஒரு சிறு வழியாகவோதான் போகவேண்டும். அந்தச் சிறு வழியை ஒரு வால்வு திறந்து மூடுகிறது. ஆண்டுக்கணக்கில் கரி படிந்தால் இடைவெளி அடையும், வால்வு ஒட்டிக்கொள்ளும், காற்று குறையும், சுற்று இறங்கும். ஏசி போடும்போது கம்ப்ரசரின் பாரம் ஏறுகிறது, இன்ஜினுக்குக் கூடுதல் காற்று வேண்டும், கிடைக்கவில்லை, ஆஃப் ஆகிறது. சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறிய பின், இதற்கென்று விற்கும் கிளீனரையும் மெல்லிய துணியையும் வைத்துத் துடைக்கலாம். மோட்டாரில் இயங்கும் தகடாக இருந்தால் விரலால் அழுத்தித் தள்ளக்கூடாது.

அதுவும் இல்லையென்றால் ஸ்பார்க் பிளக். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம் அல்லது சூடு அதிகம், நனைந்திருந்தால் அந்த சிலிண்டர் எரியவே இல்லை. பிறகு பெட்ரோல் ஃபில்டர், பெட்ரோல் பம்ப். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக வரும் கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கிறது. சின்ன கருவி ஒன்றை அதில் செருகினால் சுற்றின் எண்ணிக்கை கைபேசியிலேயே தெரியும். ஐடிலிங் இருக்கவேண்டியதை விடக் குறைவு என்பதற்குத் தனிக் குறியீடே உண்டு: பி0506. ஒரு குறியீட்டுக்குப் பெயர் கொடுக்கும் அளவுக்கு உலகம் முழுக்க நடக்கிற, அவ்வளவு சாதாரணமான கோளாறு இது.

என் வண்டியில் அடைப்பு த்ராட்டில் பாடியில் இருந்தது. துடைத்து முடித்து ஸ்டார்ட் செய்ததும் சுற்று 1200க்கு ஏறி நின்றது. பட்டறையில் திருகிவிட்ட ஸ்க்ரூவின் வேலை அது. ஸ்க்ரூவை இருந்த இடத்துக்குத் திருப்பியதும் 800இல் வந்து அமர்ந்தது. கிளீனர் விலை 600 ரூபாயில் பாதிகூட இல்லை.

"பொம்பளைங்களுக்கு மெஷின் மூளை கிடையாது" என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. பம்ப் ஸ்டவ் உங்கள் வீட்டில் யார் கையில் இருந்தது? அடியில் மண்ணெண்ணெய், மேலே அடைத்த காற்று, சூடான குழாயில் ஆவியாகி, மயிரிழைத் துளை வழியாகப் பீறிட்டு, காற்றோடு கலந்து எரிகிறது. கார்பரேட்டரின் ஜெட்டும் இதே பாடத்தின் இன்னொரு பக்கம்தான். துளை அடைத்தால் ஸ்டவ் பின்னை எடுத்துக் குத்தினார்கள். தீ மஞ்சளானால் காற்று போதவில்லை என்று தெரிந்துகொண்டார்கள். வாஷர் தேய்ந்தால் பம்ப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டார்கள். ஓடும் எந்திரம், தீப்பிடிக்கும் எரிபொருள், பக்கத்தில் சேலை. எந்தச் சட்டமும் வந்து தடுக்கவில்லை. அந்த ஸ்டவ் வெடித்துப் பெண்கள் செத்தார்கள், "ஸ்டவ் வெடித்து" என்ற பெயரில் கொல்லவும்பட்டார்கள். அப்போதும் சமையலறையிலிருந்து பெண்ணை வெளியேற்றிக் காப்பாற்றவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சம்பளம் வராத இடத்தில் ஆபத்து பெண்ணுக்குப் பழக்கமாக இருக்கலாம். சம்பளம் வரும் இடத்தில் மட்டும் அது அவளுக்கு ஆகாது.

எங்கள் செட்டிநாட்டுக் கதையும் இதுதான். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்தில் அத்தனை பெரிய வீடுகளையும் கட்டிக் காத்தது ஆச்சிமார்கள். சாவிக்கொத்து அவர்கள் இடுப்பில், வெள்ளிச் சாமான் கணக்கு அவர்கள் நினைவில், வட்டிக் கணக்கு அவர்கள் விரல் நுனியில். அந்த வீடுகளுக்குக் கார் வந்தபோது கூடவே டிரைவரும் வந்தார். ஆச்சி பின் சீட்டில் அமர்ந்தார். ஒரு சல்லிக் காசு பிசகினாலும் கண்டுபிடிக்கிற பெண், வண்டி நடுவழியில் நின்றால் மரத்தடியில் இறங்கி நின்று முந்தானையால் விசிறிக்கொள்ளவேண்டும். அறிவு இல்லாததால் இல்லை. பானெட் அவளுக்கு எதிரில் ஒருநாளும் திறக்கப்படாததால்.

எந்திரத்தின் வரலாறு இவர்கள் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1888 ஆகஸ்ட்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். மின்கம்பி தேய்ந்தபோது தன் காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து வாங்கினார். நெடுஞ்சாலையில் கார் பழுது பார்த்த முதல் ஆள் ஒரு பெண். கையில் இருந்த கருவி நம் ஸ்டவ் பின்னின் அக்கா.

இரண்டாம் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் பிரிட்டன் பெண்களை இராணுவ வண்டி மெக்கானிக்குகளாகப் பழக்கியது. பிறகு அரசியான எலிசபெத்தே 1945இல் அந்தப் பயிற்சி எடுத்தவர். போர் முடிந்ததும் பெரும்பாலான பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆள் தேவைப்பட்டபோது இருந்த மூளை, ஆண்கள் திரும்பி வந்ததும் இல்லாமல் போய்விட்டதா? 1974இல் இந்தியாவில் டெல்கோ மோட்டார் வாகனத் தொழிற்சாலை பொறியாளர் வேலைக்குக் கொடுத்த விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று போட்டது. பொறியியல் மாணவி சுதா குல்கர்ணி ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஓர் அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போட்டு, அந்த வேலைக்குள் நுழைந்தார். 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி தமிழ்நாட்டு அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். இரவு வேலை பெண்ணுக்குக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவை 2000ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. திறந்த கதவுகள் எல்லாம் யாரோ ஒரு பெண் தட்டிய கதவுகள்.

"கார் வைத்திருக்கிற பெண்களின் கவலை இது, ஏழைப் பெண்ணுக்கு இதனால் என்ன?" என்று தோழிகள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. புதுவயல் சந்தைக்கு மொபெட்டில் கீரைக்கட்டு ஏற்றிப்போகிற அக்காவுக்கு ஐடிலிங் இறங்கினால் ஒரு நாள் வியாபாரம் போகிறது. கார்க்காரிக்கு அது எரிச்சல், அவருக்கு அது சோறு. 2018இல் அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25,000 ரூபாய் வரை மானியம் கொடுத்தது. நல்ல திட்டம். ஆனால் ஸ்கூட்டரோடு ஒரு ஸ்பானரும் இரண்டு நாள் பயிற்சியும் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வண்டி பெண்ணுக்கு, பழுது பார்க்கும் கூலி ஆணுக்கு. அறிவு இல்லாத உடைமை பாதி உடைமைதான்.

இன்னொரு பக்கம், மெக்கானிக் வேலை என்பது ஒரு பிழைப்பு. அந்தப் பட்டறைத் தம்பியும் பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, அடியும் திட்டும் வாங்கி, பட்டறையிலேயே படுத்து உறங்கித்தான் தொழில் கற்றிருப்பார். நம் ஊரில் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம் அதுதான். அப்படியொரு இடத்தில் எந்தத் தாயும் மகளைக் கொண்டுபோய் விடமாட்டாள். விடவும் கூடாது, மகனையும் விடக்கூடாது. அதனால் பெண்ணுக்கு இருக்கும் ஒரே நேர்வழி ஐடிஐ. மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு அங்கே இரண்டாண்டுப் படிப்பு. பெண்கள் வந்து சேர்ந்தாலும் பயிற்சிக்குப் போகும் பட்டறையில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை, படித்து முடித்தால் "ரிசப்ஷன்ல உக்காரும்மா" என்பார்கள். இன்ஜின் தெரிந்த பெண்ணை பில் போட உட்கார வைப்பது, 22ஆம் பிரிவு பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு வருவது.

எனவே கேட்கவேண்டியவற்றைக் கேட்போம். ஓடும் எந்திரத்திலிருந்து பெண்ணைப் பெண் என்பதற்காக விலக்கும் விதி எந்தச் சட்டத்தில் எந்தப் பெயரில் இருந்தாலும் அது போகவேண்டும். ஆணுக்குக் கொடுத்த பயிற்சியும் உடையும் அவளுக்கும் கொடுக்கவேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எட்டுப் போடச் சொல்லித்தருவதோடு பானெட் திறக்கவும் சொல்லித்தரவேண்டும். ஐடிஐ மாணவிகளைப் பயிற்சிக்கு ஏற்கும் பட்டறைகளில் கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுமதி தரவேண்டும். பட்டறைக்காரர் வண்டியைக் கொண்டுவந்தவரிடம்தான் பேசவேண்டும், மாற்றிய பாகத்தைக் கையில் கொடுக்கவேண்டும், செய்த வேலையைத் தாளில் எழுதித் தரவேண்டும்.

"இனி மின்சார வண்டிதானே, ஐடிலிங்கே கிடையாது, இதெல்லாம் எதற்கு?" என்றும் சொல்கிறார்கள். மின்சார வண்டி நிற்கும்போது மோட்டார் சுற்றாது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதில்தான் அவசரம் தெரிகிறது. எங்கள் பக்கத்துக் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் இடம் அது. புதிய வண்டி, புதிய கோளாறு, புதிய கருவி. ஆண்களும் இதில் இப்போதுதான் பாலபாடம் படிக்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் நூறாண்டு பிந்திவிட்டோம். பேட்டரியில் எல்லோரும் ஒரே வகுப்பில் இருக்கிற இந்தச் சில ஆண்டுகளில் பெண்கள் முன் பெஞ்சில் உட்காராவிட்டால், நம் பேத்திகளிடமும் யாரோ ஒருவர் "சார் வரலையாக்கா?" என்று கேட்பார்.

அதுவரை உங்கள் வீட்டில் நிற்கிற வண்டி எதுவானாலும் அதன் கையேட்டை எடுத்துப் படியுங்கள். ஐடிலிங் எத்தனை சுற்று இருக்கவேண்டும் என்று பார்த்து எழுதி வையுங்கள். வண்டி நன்றாக இருக்கும் நாளில் பானெட்டைத் திறந்து வைத்து ஐந்து நிமிடம் அதன் சத்தத்தைக் கேளுங்கள். துப்பட்டாவையும் முந்தானையையும் இறுகச் செருகிக்கொள்ளுங்கள், கூந்தலை முடிந்துகொள்ளுங்கள், பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோகாதீர்கள். இவ்வளவுதான் பாதுகாப்பு. இதைத்தான் அந்தச் சட்டம் நமக்குச் சொல்லித்தந்திருக்கவேண்டும்.